பழைய கைப்பேசியோடு நாள் ஓட்டுவது எப்படி? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஞாயிறு மாலையில் கோயில் மண்டபத்து ஓரத்தில் ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். தோட்டத்திலிருந்தும் சுற்றியுள்ள தாமான்களிலிருந்தும் (குடியிருப்புகளிலிருந்தும்) வருகிறவர்கள் கைப்பேசியை நீட்டி, "இது என்னன்னு பாரும்மா" என்பார்கள். நான் கைப்பேசிக் கடை வைத்திருப்பவள் இல்லை. பால்மரம் சீவியவரின் மகள், ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். என் கைப்பேசி 2018-இல் 699 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கியது. அதைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே இந்த விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். மேசைக்கு வரும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கைப்பேசிக்கு ஏழு வயதாகிவிட்டது. மாற்றியே ஆக வேண்டுமா?

வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் கைப்பேசி உங்களுக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்று முதலில் யோசியுங்கள். பிள்ளைகளோடு பேச, வாட்ஸப் பார்க்க, படம் எடுக்க என்றால் ஏழு வயதுக் கைப்பேசி தாராளமாகப் போதும். பணம் அனுப்பவும் வங்கிக் கணக்கைத் திறக்கவும் என்றால் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அமைப்புகளுக்குள் போய் 'கைப்பேசியைப் பற்றி' என்ற பகுதியைத் திறந்தால் ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்று இருக்கும். அதனருகிலேயே பாதுகாப்புத் திருத்தம் கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்றும் இருக்கும். அந்தத் தேதி மூன்று நான்கு ஆண்டு பழையது என்றால், அதற்குப் பிறகு கண்டுபிடித்த ஓட்டைகள் எதுவும் உங்கள் கைப்பேசியில் அடைக்கப்படவில்லை என்று பொருள். வீட்டுக் கதவு நன்றாகத்தான் இருக்கிறது, பூட்டுதான் பழசு. அந்த வீட்டில் அரிசி மூட்டையை வைக்கலாம், நகையை வைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

வாட்ஸப் நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

மிகப் பழைய கைப்பேசிகளுக்கு அது உண்மை. 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பையும், அதே ஆண்டு மே மாதத்தில் ஐபோனில் 15.1-க்குக் கீழுள்ள பதிப்புகளையும் வாட்ஸப் கைவிட்டது. ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் வைத்திருந்தவர்களுக்கு அத்தோடு முடிந்தது. இந்த வரம்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். அதனால் நிற்கும் நாள் வரை காத்திருக்காமல், உரையாடல்களைக் கூகள் கணக்கில் சேமித்து வையுங்கள். கூகள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. முன்பு வாட்ஸப் சேமிப்பு அந்தக் கணக்கில் சேராது, இப்போது சேர்கிறது. தேவையில்லாத வீடியோக்களை அழித்துவிட்டுச் சேமித்தால் இடம் போதும்.

மத்தியானத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். பாதிப் பேர் இதற்காகவே புதுக் கைப்பேசி வாங்கிவிடுகிறார்கள், எனக்கு அது மிகவும் வருத்தம். பேட்டரி தேய்ந்துபோகிற பொருள், மோட்டார் சைக்கிள் டயர் மாதிரி. லித்தியம் பேட்டரியைச் சுமார் 500 தடவை முழுதாக ஏற்றி இறக்கினால் பொதுவாக 80 விழுக்காடு அளவுக்குத்தான் பிடிக்கும். நீங்கள் ஏழு ஆண்டாகத் தினமும் ஏற்றியிருக்கிறீர்கள். டயர் தேய்ந்தால் டயரைத்தான் மாற்றுவோம். எனக்குப் பேட்டரி மாற்ற, கூலியோடு 80 வெள்ளி ஆனது. அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் ராத்திரி வரை தாங்குகிறது.

கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒன்று செய்யுங்கள். கைப்பேசியை அணைத்துவிட்டு, சார்ஜர் சொருகும் ஓட்டையை வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப் பை நூலும் தூசியும் அடைந்திருக்கும். மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். "சார்ஜ் ஏறவே இல்லை" என்று வருகிறவர்களில் பலருக்கு இந்த மேசையிலேயே இதில் சரியாகிவிட்டது. அடுத்தது கேபிளை மாற்றிப் பார்ப்பது.

பேட்டரிக்கு எதிரி வெயில். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் மோட்டார் கூடையில் கைப்பேசியைப் போட்டுவிட்டுக் குலை வெட்டப் போகிறார்கள். திரும்பி வரும்போது தொட முடியாத சூடு. அப்படியே சார்ஜரில் போடுவது அதைவிட மோசம். நிழலில் வையுங்கள், ஆறிய பிறகு ஏற்றுங்கள். 20-க்குக் கீழே அடிக்கடி இறக்காமல், இரவு முழுக்க 100-இல் வைக்காமல் இருந்தால் ஆயுள் கூடும்.

பின்மூடி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது.

பேட்டரி உப்பிவிட்டது. இனி சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். உள்ளே எரியக்கூடிய வாயு இருக்கிறது. அணைத்து, துணி, மெத்தை இல்லாத இடத்தில் வைத்துவிட்டு நாளைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை தூங்குகிற தலைமாட்டில் அதை வைக்காதீர்கள்.

யாராவது அழைத்தால் இணையம் நின்றுபோகிறது. தோட்டத்துக்குள் போனால் அலைக்கோடே இல்லை. கைப்பேசி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. 2021 முடிவுக்குள் மலேசியாவில் 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். உங்கள் கைப்பேசிக்கு 4ஜி வழியாகக் குரல் அழைப்பு எடுக்கத் தெரியாவிட்டால், மணி அடித்ததும் அது 2ஜிக்கு இறங்கிவிடும். பேசி முடிக்கும் வரை இணையம் வராது. சிம் அமைப்பில் 'வோல்ட்இ' (VoLTE) என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். பல பேருக்கு அது அணைந்தே கிடக்கிறது. போட்டுவிட்டால் சரியாகிவிடும். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றால், வாட்ஸப் வழியாகவே பேசிக்கொள்ளுங்கள்.

செம்பனைக்குள் அலை குறைவதற்குக் குன்றும் ஈரமான அடர்ந்த மட்டையும் காரணம். புதுக் கைப்பேசியோடு வந்தவர்களும் அங்கே மேட்டில் ஏறித்தான் பேசுகிறார்கள். திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டினால், உங்கள் நிறுவனத்தின் கோபுரம் எட்டவில்லை, வேறொன்று எட்டுகிறது என்று அர்த்தம். அப்போதும் 999 போகும். தனியாக உள்ளே போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வங்கிச் செயலி இந்தக் கைப்பேசியில் இனி ஓடாது என்று செய்தி வந்தது. வேறு வழி இருக்கிறதா?

இந்த இடத்தில் மட்டும் நான் பழையதற்காக வாதாட மாட்டேன். 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்குச் சில கட்டளைகள் போட்டது. எஸ்எம்எஸ் வழியாக வரும் குறியெண்ணைக் கைவிட்டு, செயலிக்குள்ளேயே ஒப்புதல் கொடுக்கும் முறைக்கு மாற வேண்டும். ஒருவருக்கு ஒரே கைப்பேசியில்தான் அந்த ஒப்புதல் இருக்க வேண்டும். புதுக் கைப்பேசியில் பதிவு செய்தால் சற்று நேரம் காத்திருந்தபிறகே பணம் அனுப்ப முடியும். மூன்றும் நம்மைக் காப்பாற்றத்தான். ஆனால் உங்கள் வங்கிக் கணக்கின் சாவி முழுக்க அந்த ஒரே கைப்பேசிக்குள் இருக்கிறது என்பதும் இதில் சேர்ந்தே வருகிறது.

போன வருடம் என் திரை திடீரென்று கறுத்துப்போனது. அன்றைக்குத்தான் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வங்கியில் பணம் இருந்தது, கையில் 30 வெள்ளி. என் ஏடிஎம் அட்டை வீட்டு அலமாரியில். தம்பி வந்து சேரும் வரை நான் பட்ட பாட்டை யாரும் படக்கூடாது என்றே இதை எழுதுகிறேன். ஏடிஎம் அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். வீட்டில் 200 வெள்ளியாவது ரொக்கமாக இருக்கட்டும். நெருங்கிய நான்கு எண்களைத் தாளில் எழுதி, அடையாள அட்டையான மைகார்டோடு வையுங்கள். அன்றைக்கு எனக்குத் தம்பியின் எண் மனப்பாடமாகத் தெரியவில்லை.

கைப்பேசி மாற்றுவதாக இருந்தால், கட்டணம் கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு மாற்றாதீர்கள். வயதானவர்கள் என்றால் வங்கி முகப்பிலும் ஏடிஎம்மிலுமே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

உதவித் தொகை வாங்க, பெட்ரோல் சலுகை வாங்க நல்ல கைப்பேசி வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். அடிப்படைப் பொருள் வாங்க அரசாங்கம் தரும் சாரா உதவி மைகார்டு வழியாகவே வருகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் கொடுத்த 100 வெள்ளியும் அப்படித்தான்: பதிவு செய்த கடையில் அட்டையை நீட்டினால் போதும். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய ரோன்95 சலுகைக்கும் பெட்ரோல் நிலையத்தில் மைகார்டு போதும். "இந்தச் செயலியைப் பதிவிறக்கினால்தான் காசு வரும்" என்று இணைப்பு அனுப்புகிறவன் திருடன். மைகார்டின் சில்லு வேலை செய்கிறதா என்று பாருங்கள், தேய்ந்திருந்தால் பதிவு இலாகாவில் மாற்றுங்கள். கைப்பேசிக்குச் செலவழிப்பதைவிட இது முக்கியம்.

ஏதாவது படிவத்தை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும் என்றால் 'நாடி' மையத்துக்குப் போகலாம். முன்பு பெடி, அதற்கும் முன்பு கிராம இணைய மையம் என்று அழைத்தார்கள். மலாயிலும் நாடி என்றால் நாடித்துடிப்புதான். கணினியும் உதவிக்கு ஆளும் இருப்பார்கள். கடைசி நாளில் போகாமல் முன்கூட்டியே போங்கள்.

போலீஸ் என்று சொல்லி அழைக்கிறார்கள். உண்மையா பொய்யா என்று எப்படித் தெரியும்?

பக்கத்துத் தெரு அத்தை ஒருவர் போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம், கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே மண்டபத்துக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. கையால் மறைத்துக்கொண்டு, "உன் பேர்ல போதைப்பொருள் பொட்டலம் வந்திருக்குன்னு சொல்றான்மா, கோர்ட்டாம்" என்றார். அந்தப் பக்கத்துக்காரன் நல்ல மலாயில், அதிகாரி தோரணையில் பேசிக்கொண்டிருந்தான். துண்டிக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, சேமிப்பைப் "பாதுகாப்பான கணக்குக்கு" மாற்ற வேண்டும் என்றான். நான் கைப்பேசியை வாங்கி அணைத்தேன். அத்தை அழுதுவிட்டார். 40 ஆண்டு உழைத்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் அந்தக் கணக்கில் இருந்தது.

மலேசியாவில் இதை மக்காவ் மோசடி என்கிறார்கள். போலீசோ நீதிமன்றமோ பேங்க் நெகாராவோ கைப்பேசியில் அழைத்துப் பணத்தை மாற்றச் சொல்லவே மாட்டார்கள். "யாரிடமும் சொல்லாதே" என்ற சொல் வந்த உடனே துண்டித்துவிடுங்கள். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்காதீர்கள். நம் பெரியவர்கள் அதிகாரி என்றாலே எழுந்து நின்ற தலைமுறை. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணிக்கும் மேற்பார்வையாளரான தண்டலுக்கும் பயந்து வளர்ந்தவர்கள். அந்தப் பயத்தைத்தான் இவன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் வீட்டில் அவர்களைக் கடிந்துகொள்ளாமல் முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசுங்கள்.

பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 997-க்கு அழையுங்கள். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க வேண்டும் என்பதால் வெட்கப்பட்டு மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் முன், போலீசாரின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸப்பில் வரும் கோப்பு. பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, ஒரு செயலி. நிறுவிவிட்டால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் குறியெண் அவனுக்குப் போகும். பூட்டு பழசான கைப்பேசிக்கு இது இன்னும் ஆபத்து. தவறி நிறுவிவிட்டால் உடனே விமானப் பயன்முறையைப் போடுங்கள், வேறொருவர் கைப்பேசியிலிருந்து வங்கிக்கும் 997-க்கும் அழையுங்கள். சொந்தக்காரர் எண்ணிலிருந்து வந்தாலும் முதலில் அவரை அழைத்துக் கேளுங்கள். நம் ஊரில் கல்யாணம் என்றால் வீட்டுக்கு வந்து தாம்பூலத் தட்டோடு அழைப்பார்கள்.

இரவெல்லாம் போர், வெள்ளம், விலையேற்றம் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. தூக்கம் வரவில்லை. இது கைப்பேசி சம்பந்தப்பட்ட கேள்வியா?

ஆம், சம்பந்தப்பட்டதுதான். சிங்கப்பூரில் மகன், மருத்துவமனையில் கணவர், சந்தையில் கோழி விலை, இதற்கு நடுவில் யாரோ அனுப்பும் வீடியோ. எல்லாம் ஒரே மணியோசையோடு வருவதால் மனசுக்கு எது நம்முடைய கவலை, எது ஊர்க் கவலை என்று பிரிக்கத் தெரிவதில்லை. நான் செய்தது இது: மகன், அம்மா, தம்பி மூவருக்கும் தனி மணியோசை வைத்தேன். குழுக்கள் அத்தனையையும் ஒலி நிறுத்தினேன். இரவு மணி அடித்தால் அது வீட்டு ஆள்தான் என்று தெரியும், இல்லாவிட்டால் எழுந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் தூக்கம் திரும்பியது.

பகிரும் முன் சரிபார்க்க, 2017-இல் தொடங்கிய 'செபெனார்ஞா' தளம் இருக்கிறது. 2025 ஜனவரியில் கேள்விக்குப் பதில் சொல்லும் 'ஐஃபா' என்ற கணினி உதவி வந்தது, தமிழிலும் கேட்கலாம். பொய்ச் செய்தி பரப்பினால் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு பாயலாம் என்பதையும் குழு நடத்துகிறவர்கள் மறக்க வேண்டாம்.

செய்தி வேண்டும், ஆனால் டேட்டா இல்லை என்றால் பழைய கைப்பேசிக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பல பழைய கைப்பேசிகளில் எஃப்எம் வானொலி உண்டு. காதுக்குழாய்க் கம்பியைச் சொருகினால் அந்தக் கம்பியே ஏரியல். இணையமே இல்லாமல் மின்னல் எஃப்எம் கேட்கலாம். வெள்ள நேரத்தில், கோபுரம் விழுந்த பிறகும் இது கைகொடுக்கும். புதுக் கைப்பேசிகள் பலவற்றில் கம்பி சொருகும் ஓட்டையே இருப்பதில்லை.

மகள் படிவம் ஒன்றுக்கு (இடைநிலைப்பள்ளி முதல் ஆண்டுக்கு) போகிறாள். தவணையில் புதுசு வாங்கித் தரலாமா?

2020, 2021 ஊரடங்கில் மூன்று பிள்ளைகள் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து பாடம் படித்த வீடுகளை நான் பார்த்தேன். அதனால் பிள்ளையின் படிப்புக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தவணை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். என் தாத்தாவும் கட்டினார். அந்தத் தவணை முடிந்தபோது கையில் பங்கு இருந்தது. கைப்பேசித் தவணை முடியும்போது, மதிப்புப் பாதிக்கும் கீழே இறங்கிய பொருள்தான் கையில் இருக்கும்.

உங்கள் பழையதுக்குப் பேட்டரி மாற்றி அவளிடம் கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ரொக்கத்துக்கு வாங்குங்கள். எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். கேமராவுக்கு எத்தனை கண் என்பதைவிட அதுதான் முக்கியம்.

இடம் நிரம்பிவிட்டது என்று தினமும் வருகிறது.

வாட்ஸப் அமைப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். சேமிப்பைப் பார்க்கும் இடத்தில் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக அடுக்கியிருக்கும். காலை வணக்கமும் தீபாவளி வாழ்த்தும் போனாலே பாதி இடம் கிடைக்கும். பிள்ளைகள் படத்தை அவசரத்தில் சேர்த்து அழித்துவிடாதீர்கள்.

மழையில் நனைந்துவிட்டது. அரிசியில் போட்டேன்.

எடுத்துவிடுங்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சி எடுக்காது, அதன் மாவுதான் உள்ளே போகும். அணைத்து, சிம்மைக் கழற்றி, ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றாடியின் முன் இரண்டு நாள் வையுங்கள். அதுவரை சார்ஜ் போடக் கூடாது.

தமிழில் எழுதத் தெரியவில்லை. பழைய கைப்பேசியில் முடியுமா?

முடியும். கைப்பேசியில் தமிழ் எழுதும் 'செல்லினம்' 2005-இல் வந்தது. செய்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். கூகள் விசைப்பலகையிலும் தமிழ் இருக்கிறது. ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வையுங்கள், கண்ணாடி தேடும் வேலை குறையும்.

அப்பா இறந்துவிட்டார். அவருடைய கைப்பேசியை என்ன செய்வது?

அவசரப்படாதீர்கள். முதலில் பேட்டரி உப்பாமல் இருக்கிறதா என்று பார்த்து, சார்ஜ் ஏற்றித் திறவுங்கள். படங்களை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். வாட்ஸப்பில் அவர் பேசி அனுப்பிய குரல் பதிவுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துக் குடும்பத்தில் இரண்டு பேருக்காவது அனுப்புங்கள், பிறகு கோப்பாகவும் சேமியுங்கள். சிம்மை உடனே நிறுத்திவிட வேண்டாம். வங்கி, இபிஎஃப் காரியங்களுக்கு அந்த எண்ணுக்குச் செய்தி வரக்கூடும். எல்லாம் முடிந்த பிறகு, உள்ளிருப்பதை முழுதாக அழித்துவிட்டு மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கலாம். கைப்பேசியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. சுற்றுச்சூழல் துறையின் பட்டியலில் அது வீட்டு மின்கழிவு. உரிமம் பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும்.

கொடுக்க மனம் வராவிட்டால் பேட்டரியை மட்டும் கடையில் கழற்றச் சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவுடையது அப்படித்தான் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. அவர் கடைசியாக அனுப்பிய 11 விநாடிக் குரல் பதிவு, "சாப்பிட்டியாம்மா, மழை வருது, மெதுவா வா" என்பது, என் கைப்பேசியிலும் தம்பியிடமும் ஒரு பென்டிரைவிலும் இருக்கிறது.